வேலியும் பயிரும்
உதைபந்தாட்டத்தைக் காப்பவர் யார்?

உதைபந்தாட்டத்துக்கு முதலில் வேண்டுவது சமதரை. ஹாலிஎலவைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே அது எளிதிற் கிடைக்கும் பொருளன்று. லயங்களுக்கு அருகே சிறிது சமமான இடம் கண்டால், பிள்ளைகள் மாலை வேளையில் அங்கே பந்தை உருட்டத் தொடங்கிவிடுவர். அவர்களுள் ஒருவன் பாடசாலை அணியிற் சேர்ந்து, பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலே ஆடி, ஒரு நாள் இலங்கை அணியின் சீருடையை அணிய ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கால் வலிமையும் மூச்சு வலிமையும் மட்டும் போதுமா? போதா. மேலிருந்து ஆட்டத்தை நடத்தும் நிர்வாகமும் சமதரையாய் இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை 2023 ஆம் ஆண்டிலே நாம் கண்கூடாகக் கண்டோம். அவ்வாண்டு ஜனவரி 14 ஆந் திகதி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தல் நடைபெற்றது. ஒரு வாரம் சென்றது. வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி, ‘பீபா’ என்னும் உலகச் சம்மேளனம் ஜனவரி 21 ஆந் திகதி இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாத இறுதியிலேதான் அத்தடை நீங்கிற்று. இடையே ஜூன் மாதம் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடந்தபோது இலங்கை அணி அங்கு இல்லை. 1995 இல் அதே கிண்ணத்தைக் கொழும்பில் வென்ற நாடு நம் நாடு! பிணக்கு நாற்காலிகளைப் பற்றியது. தண்டனையோ பந்தாடிய இளைஞர்களுக்கு.

அயல்நாடாகிய இந்தியாவும் இதற்கு விலக்கன்று. 2022 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உதைபந்தாட்ட நிர்வாகத்துக்கென ஒரு குழுவை நியமித்தது. ஆகஸ்டில் பீபா இந்தியாவை இடைநிறுத்தி, அம்மாத இறுதிக்குள் தடையை நீக்கிற்று. அதனாலேயே அக்டோபரில் நடைபெறவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கிண்ணம் இந்தியாவிலேயே நடைபெற முடிந்தது.

அப்படியாயின், அரசாங்கம் விளையாட்டின் பக்கம் தலைகாட்டவே கூடாதா? பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். ஆனால் எவரும் மேற்பார்வை செய்யாத இடத்தில் நேர்வதையும் நோக்க வேண்டும். இங்கிலாந்திலே பெரி என்னும் நகரின் கழகம் 1885 இல் தோன்றியது. 1900 இலும் 1903 இலும் எப். ஏ. கிண்ணத்தை வென்றது. பண நெருக்கடி முற்றி, 2019 ஆகஸ்டில் அக்கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதனைக் கொண்டாடிய மக்கள் செய்த குற்றம் யாது? 2021 ஏப்ரலிலோ அந்நாட்டின் ஆறு பெருங்கழகங்கள் தனியே ஓர் ஐரோப்பிய லீக் அமைக்கப் புறப்பட்டன. இரசிகர்களின் சீற்றங் கண்டு சில நாட்களிலேயே பின்வாங்கின.

இவற்றின் விளைவாகவே 2025 ஜூலையில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அது சுதந்திரமான ஓர் ஒழுங்குபடுத்தும் அதிகாரியை ஏற்படுத்தியது. ஆண்கள் உதைபந்தாட்டத்தின் மேல் ஐந்து பிரிவுகளைச் சேர்ந்த 116 கழகங்கள் அவரிடம் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். கழகத்தை வாங்க வருபவர் தகுதியுடையவரா, பணம் எங்கிருந்து வந்தது என்பன ஆராயப்படும். கழகத்தின் சின்னம், நிறம் ஆகியவற்றில் இரசிகர்களின் கருத்துக்கு மதிப்பு உண்டு. எந்த வீரன் ஆட வேண்டும், எவர் சம்மேளனத் தலைவராக வேண்டும் என்பன அவ்வதிகாரியின் வேலையல்ல. உரிமையாளரை ஆராயும்போது அரசின் வெளிநாட்டு, வர்த்தகக் கொள்கைகளைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்று முந்திய மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. 2024 இல் அதையும் நீக்கிவிட்டனர். அமைச்சரின் நிழல் கூட அங்கே விழலாகாது என்பதே கருத்து.

இலங்கையின் 1973 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. சங்கங்களைப் பதிவு செய்வது, தேசிய அணிக்கு ஒப்புதல் அளிப்பது ஆகிய அதிகாரங்களை அது அமைச்சரிடம் ஒப்படைத்தது. நல்ல எண்ணமுடைய அமைச்சரும் உளர். ஆயினும் அமைச்சர் மாறுந்தோறும் ஆட்டத்தின் விதியும் மாறுமாயின் ஆட்டம் எவ்வாறு வளரும்?

கொழுந்து நிறுக்கும் தராசு யார் கையில் இருக்கிறது என்பதைத் தோட்டத்து மக்கள் கவனியாமல் இருப்பதில்லை. தராசே வேண்டாம் என்று அவர்கள் சொல்வதுமில்லை. முள் நேராக நிற்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். விளையாட்டுக்கும் அந்த நியாயமே பொருந்தும். வேலி இல்லாத பயிரை மாடு மேயும். வேலியே பயிரை மேய்ந்தால் எவரிடம் முறையிடுவது?

மாணவர்கள் இதனை அரசியல் பாடமென்று ஒதுக்க வேண்டியதில்லை. தம் ஊர்க் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் செல்லட்டும், யாப்பை வாசிக்கட்டும், கணக்கு எங்கே என்று மரியாதையாகக் கேட்கட்டும். அவ்வாறு கேட்டுப் பழகிய இளைஞர்களே நாளை நாட்டின் விளையாட்டுக்கு நேரான வேலி அமைப்பர்.