எந்த தேசத்து வண்டி?

மோட்டார் வாங்குவோர் யந்திரத்தின் திறத்தையே நோக்குவர் என்பது நம்மில் பலரது நம்பிக்கை. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்னும் ஊரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, ஓயாத சச்சரவு, பழுதுள்ள வண்டிகள்! அமெரிக்கத் தொழிலாளிக்கு நேர்ந்த அவப்பெயர் கொஞ்சமன்று. 1984-இல் ஜப்பானின் டொயோட்டா கம்பெனி கூட்டுச் சேர்ந்து அதே தொழிற்சாலையைத் திறந்தது. பெரும்பாலும் பழைய தொழிலாளரையே அமர்த்தியது. முறை மாறிற்று, ஆட்கள் மாறவில்லை. நல்ல வண்டிகள் வெளிவந்தன.

1980-களின் இறுதியிலிருந்து அங்கே டொயோட்டாவின் கொரோல்லாவும், ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற பிரிஸமும் அக்கம்பக்கமாய் உருவாயின. உள்ளே ஒரே யந்திரம். முகப்பும் பெயருமே வேறு. ஆயினும் ஜனங்கள் கொரோல்லாவையே நாடினர். பழைய வண்டிச் சந்தையிலும் அதற்கே விலை அதிகம். பிரிஸமோ 2002-ஆம் வருஷ மாதிரியோடு மறைந்தது.

ஜப்பானியர் இம்மதிப்பை இனாமாய்ப் பெறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1958-இல் அவர்கள் அமெரிக்காவில் விற்ற டொயோபெட் வண்டி, அங்குள்ள பெருஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடாமல் திணறிற்று. பின்னர் உழைத்துத் தேடிய பெயர் அது. பிரீமாண்ட் தொழிலாளியின் கைத்திறனோ? அதன் கீர்த்தியும் ஜப்பான் கணக்கிலேயே சேர்ந்தது.