தகரக் கொட்டிலும் முயலின் காதும்

முயலுக்கு வீடமைப்பது எப்படி என்று தேடினால் அகப்படும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. வளவின் மூலையில் கிடக்கும் பழைய மரக் கொட்டிலைத் துப்புரவாக்குங்கள், இடுக்குகளை அடையுங்கள், சுவரின் உட்புறத்தில் குளிர் தாங்கும் பலகை அடியுங்கள், கூதல் காற்றுப் புகாமல் பாருங்கள், கதவுக்கு வெளியே வலையடைப்பு ஒன்று கட்டி முயலை உலாவ விடுங்கள் என்று அவை சொல்லும். பனி கொட்டும் ஊருக்கு இதில் பிழையொன்றும் இல்லை. அதே திட்டத்தைக் கல்லடியிலோ ஆரையம்பதியிலோ களுவாஞ்சிக்குடியிலோ விறகும் சைக்கிளும் வைக்கிற தகரக் கொட்டிலில் அப்படியே செய்து முடித்தால், ஆனி மாதத்துப் பகலில் அது போறணையாகிவிடும். மட்டக்களப்பு வாவிக் கரையில் முயல் கொட்டிலுக்குத் தலையாய வேலை ஒன்றுதான்: காலை ஒன்பது மணியிலிருந்து பொழுது சாயும்வரை உள்ளே இருக்கும் வெப்பத்தை முயல் தாங்கக்கூடிய அளவில் வைத்திருப்பது. இடவசதியும் அழகும் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை முயலின் உடம்பே காட்டும். கடையில் வாங்கும் வெள்ளை முயலும் சடை முயலும் ஸ்பெயின், போர்த்துக்கல், தென்மேற்குப் பிரான்ஸ் பகுதிகளில் வாழ்ந்த காட்டினம் ஒன்றின் வழிவந்தவை. அதன் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். உதட்டோரத்தைத் தவிர்த்தால் வியர்வைச் சுரப்பி இல்லையென்றே சொல்லலாம். நாயைப்போல வாயைத் திறந்து இளைத்து வெப்பத்தை வெளியேற்றவும் அதற்கு வராது. அது மூக்காலேயே மூச்சுவிடும் விலங்கு, வாயைத் திறந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். மிஞ்சுவது காது. உடலின் மேற்பரப்பில் ஏறத்தாழ 12 வீதம் காதுகளுக்குரியது. வெக்கையான நேரத்தில் வெள்ளை முயலின் காதை வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால், நடுவே ஓடும் நாடியும் ஓரங்களைச் சுற்றி ஓடும் நாளங்களும் புடைத்துச் சிவந்து தெரியும். உடம்பின் சூட்டைக் குருதி அங்கே கொண்டுவந்து காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. சுற்றியுள்ள காற்று காதைவிடப் போதியளவு குளிராக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். 15 முதல் 25 பாகை வரை முயலுக்குச் சுகம். 30 ஐத் தாண்டினால் தீனி குறையும், ஆண் முயலின் விந்து வளம் குறையும். 35 ஐத் தாண்டினால் தன் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலையே அது இழக்கத் தொடங்கும். மட்டக்களப்பிலோ மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 33 பாகை சர்வசாதாரணம். மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று வீசும் நாட்களில் அது இன்னும் ஏறும். கணக்கு முயலுக்குச் சாதகமாக இல்லை.

அப்படியானால் சூடான நாடுகளில் முயலே வாழாதா என்று கேட்கலாம். வாழும், எப்படி வாழ்கிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. 1859 இல் தோமஸ் ஒஸ்ரின் என்ற நிலக்கிழார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாவில் 24 முயல்களை விட்டார். சில பத்தாண்டுகளுக்குள் அவை கண்டத்தின் பெரும்பகுதியை நிறைத்தன. 40 பாகை அனல் பறக்கும் உள்நாட்டு வறள்நிலத்திலும் அவை பெருகின, ஏனென்றால் பகலில் அவை வெயிலில் இருக்கவில்லை. மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். உச்சிவெயிலின் சூடு கீழே இறங்குவதற்குள் இரவு வந்துவிடும். ஒரு மீற்றர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு தெரியாது. முயல் பகலை அந்த வளைக்குள் கழித்துவிட்டு விடியற்புறத்திலும் அந்தியிலும் மேய்கிறது. ஆனால் வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்த வட அவுஸ்திரேலியாவில் அதே முயல் இன்றுவரை பெரிதாக ஊன்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரை மணல்மேடு அந்த இரண்டாவது வகை நிலத்துக்கே நெருக்கமானது. இங்கே வளை தோண்டினால் மணல் சரியும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து வளையை நிரப்பும். ஆக, வளை செய்ய வேண்டிய வேலையைக் கொட்டில்தான் செய்தாக வேண்டும்.

கொட்டிலில் முதற் குற்றவாளி கூரை. பொருளொன்று கதிர்வீச்சாக விடும் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 60 பாகைக்குக் காய்ந்த தகரம் 30 பாகையில் இருக்கும் கூரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பத்தைக் கீழே பொழியும். உள்ளே காற்று ஓடினாலும் இந்தக் கதிர்வீச்சு நிற்காது, அது நேரே முயலின் முதுகில் இறங்கும். தகரத்தைக் கழற்றிவிட்டுக் கிடுகு வேயலாம் என்றால், கிடுகு ஓரிரு வருடத்தில் உக்கும், எலி கூடு வைக்கும். இரண்டையும் சேர்ப்பதே புத்தி: தகரம் மழையைத் தடுக்கட்டும், அதற்கு மேலே கையளவு இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் கட்டிய கிடுகு வெயிலைத் தடுக்கட்டும். நடுவில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். கட்டு மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊருக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட கொட்டிலானால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு வளர்ப்பவரின் நெஞ்சுக்கும் ஆகாது.

திசையையும் குளிர்நாட்டு வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். மட்டக்களப்பில் ஏப்ரல் இரண்டாம் வாரமளவில் அது நண்பகலில் தலைக்கு நேரே வந்து, அதன்பின் செப்டெம்பர் தொடக்கம்வரை உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். நம் வெக்கைக் காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடையோடு மழை வருவதும் வடகிழக்கிலிருந்துதான். எனவே வடக்குச் சுவரை மூடிவிட்டால் கோடை வெயிலுக்கும் மாரிச் சாரலுக்கும் ஒரே மருந்து. தெற்கை முழுக்க வலையாக விடலாம். கிழக்கில் தாழ்வான திறப்பும், மழைக்கு இறக்கிவிட ஒரு படங்கும் இருந்தால் பிற்பகற் கடற்காற்று உள்ளே வரும். மேற்கில் ஒரு பூவரசோ கொடிப்பந்தலோ வேண்டும். நிழலுக்கு இப்பில் இப்பில் நடுகிறவர்கள் அதன் இலை முயலுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். அதிலுள்ள மிமோசின் மயிரை உதிர்த்துவிடும்.

மின்விசிறி போதாதா என்பது அடுத்த கேள்வி. விசிறி மனிதருக்குக் குளிர்ச்சி தருவது பெரும்பாலும் வியர்வையை ஆவியாக்கித்தான். வியர்க்காத முயலுக்கு அதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. கச்சான் காலத்தில் அதைவிட நல்ல கருவி ஈரச் சாக்கு. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். வறண்ட காற்று அதை வேகமாக ஆவியாக்கும். காற்று வரும் பக்கத்துத் திறப்பில் சாக்கைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய கொட்டிலிலும் மாரி நாட்களிலும் இந்த உபாயம் புழுக்கத்தைக் கூட்டுவதோடு சரி. தரை சிமெந்தாக, வீட்டு அத்திவாரத்தின் மட்டத்துக்கு உயர்ந்து இருப்பது நல்லது. 2011 ஜனவரி வெள்ளம் அதற்குப் போதிய காரணம். பாதி இடத்தில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மீதியை வெறுமையாக விட்டால், வெக்கைக்கு முயல் தானே வெறுந்தரையில் வயிற்றை ஒட்டிப் படுக்கும். ஈர வைக்கோலை அன்றன்றே அள்ள வேண்டும், சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா மூக்கால் மட்டும் மூச்சுவிடும் பிராணியைத்தான் முதலில் தாக்கும்.

வெளி அடைப்பு பகலுக்கானதல்ல, விடியலுக்கும் அந்திக்கும் உரியது. கட்டாக்காலி நாய், கீரி, கபரகொய்யா, மலைப்பாம்பு ஆகியவற்றில் சிலவும் அந்த நேரங்களில் நடமாடும் என்பதால் வலையில் சிக்கனம் பார்க்க முடியாது. கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயை வெளியே வைத்திருக்காது. முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் 8 வீதம்கூட வராது. நாய் தொடாமலே, பயத்தில் பின்னங்காலால் உதைக்கிற உதையில் முதுகெலும்பு முறிந்துபோகலாம். பற்றவைத்த அரை அங்குல வலையே ஏற்றது. வாங்கும்போது கம்பிகள் சந்திக்கும் புள்ளியை உற்றுப் பாருங்கள். அங்கே நாகம் சிறு குமிழாகத் திரண்டிருந்தால், பற்றவைத்த பிறகு முலாம் பூசியது. பற்றவைத்த தடம் கருகிக் காய்ந்து தெரிந்தால் முலாம் முந்தியது. உப்புக் காற்றில் துரு அந்தப் புள்ளிகளிலிருந்தே தொடங்கும். மணல் நிலத்தில் ஓரத்தை மட்டும் புதைப்பது போதாது, முயல் அதன் கீழாலும் போகும். அடைப்பின் அடி முழுவதும் வலை விரித்து மேலே அரை அடி மணல் போட வேண்டும். காகத்துக்கும் பருந்துக்கும் மேலேயும் வலை வேண்டும். அளவு எவ்வளவு? இரண்டு முயலுக்கு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் ஆகக் குறைந்தது என்கிறது பிரித்தானியாவின் முயல் நலன்புரிச் சங்கம். அந்த அளவை மட்டும் அவர்களிடமிருந்து மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை பாடு எதற்கு, கால் வைத்த கம்பிக் கூட்டில் இங்கே எத்தனையோ முயல்கள் வாழவில்லையா என்பவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. புழுக்கை கம்பிவழியே கீழே விழுந்துவிடுவதால் குடலைத் தாக்கும் கொக்சிடியா ஒட்டுண்ணி பெருக இடம் குறைவு. பண்ணைகள் அதை விரும்புவது காரணமில்லாமலல்ல. மாரியில் அடைப்பின் மணல் நனைந்திருக்கும் வாரங்களில் முயலை உள்ளேயே வைத்துத் தரையை உலர்வாக வைத்தால் அந்த ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் பண்ணை முயல் சில மாதங்களில் இறைச்சியாகிவிடும். செல்லமாக வளர்ப்பது எட்டு, பத்து வருடம் வாழும். மூன்று பாய்ச்சல் பாய முடியாத இடத்தில், பாதத்தைப் புண்ணாக்கும் கம்பிமேல் அத்தனை காலம் நிறுத்துவது வேறு கதை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பூவரசு நிழலில் நிற்கும் சிறு கூடு, வெயிலில் நிற்கும் பெரிய தகரக் கொட்டிலைவிட மேல். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பற்றைக்காட்டில் காட்டு முயல் வெக்கையில் வாழவில்லையா என்ற வாதம் இந்தளவுக்குக்கூட நிற்காது. அது வேறு சாதி விலங்கு; வளை தோண்டாது, குட்டியே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். மேலும் வெயில் நகர நகர அது தன் நிழலைத் தேடி நகரும். கொட்டிலில் அடைபட்டதற்கு அந்த வசதி இல்லை.

ஆகவே முயல் வாங்க நினைப்பவர்கள் வலைக்கும் பலகைக்கும் முன்னால் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கொட்டிலுக்குள், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், முயலின் காது இருக்கப்போகும் மட்டத்தில் அதைக் கட்டி, கச்சான் வீசும் ஒரு வாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு வாசித்து எழுதி வையுங்கள். 30 ஐத் தாண்டினால் கூரை வேலையைத் தொடங்குங்கள்; அதற்குக் கீழே இறங்கும்வரை முயலை வாங்க வேண்டாம்.