மென்பொருட் கொள்வனவு

வீட்டிற்குக் கதவு செய்விப்பவர் மரத்தைத் தட்டிப் பார்க்கலாம். நிலையை அளந்து தச்சரிடம் கொடுக்கலாம். கணினியை இயக்கும் மென்பொருளைத் தட்டிப் பார்த்தல் இயலாது. ஆதலின், பெரு நிறுவனங்கள் அதனை வெளியாரிடம் கொள்ளும்போது, சரியான அளவு கொடுத்தலே முதற் கடமையாகின்றது.

ஜேர்மனியின் லிட்ல் என்னும் வணிக நிறுவனம் ஐரோப்பாவெங்கும் பல்லாயிரங் கடைகளை உடையது. சரக்குக் கணக்கைப் புதுக்கும்பொருட்டு, 2011ஆம் ஆண்டில் அது எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளை ஏற்றது. லிட்ல் சரக்கைக் கொள்விலைப்படி மதிப்பது. அம்மென்பொருளோ விற்பனை விலைப்படி மதிப்பது. நிறுவனம் தன் வழக்கத்தை விடாது, மென்பொருளையே மாற்றுவித்தது. மாற்றங்கள் பெருகின, செலவும் பெருகிற்று. 2018இல் பணி கைவிடப்பட்டது. அதுவரையிற் செலவானது ஏறத்தாழ 50 கோடி யூரோ எனச் செய்தித்தாள்கள் கூறின.

அமெரிக்காவின் ஹேர்ஷி சொக்கலேற் நிறுவனத்திற்கு நேர்ந்தது வேறு வகையான இடர். நான்காண்டுகள் வேண்டிய பணியை இரண்டரை ஆண்டுகளில் முடிக்க அது விரைந்தது. பல மென்பொருள்கள் 1999 யூலையில் ஒருங்கே இயங்கத் தொடங்கின. ஒக்டோபரில் வரும் ஹலோவீன் பண்டிகைக்கு இனிப்புகள் மிகுதியாக விற்கும் காலம் அது. களஞ்சியத்திற் சரக்கு இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை நிறைவேற்ற இயலவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் கொள்வோர் செய்யத்தக்கவற்றை உணர்த்துகின்றன. கேள்விப்பத்திரம் கோருமுன், தன் வேலை நாள்தோறும் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நிறுவனம் எழுதிவைத்தல் வேண்டும். மேலதிகாரிகள் மட்டுமன்றி, களஞ்சியக் காப்பாளரும் கணக்கெழுதுவோரும் அதிற் பங்குகொள்ளல் இன்றியமையாதது. எவ்வழக்கத்தைக் காப்பது, எதனை மென்பொருளுக்கேற்ப விடுவது என்பதையும் ஒப்பந்தத்திற்கு முன்னரே துணிதல் நன்று.

வழங்குநர் காட்டும் மாதிரியைக் கண்டு மகிழ்தல் போதாது. நிறுவனத்தின் மெய்யான கணக்குகளைக் கொண்டு, முதலில் ஒரு கிளையில் மட்டும் நடத்திப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் தேறியபின்னரே அதற்குரிய பணத்தைச் செலுத்தலாம். வழங்குநரை விட்டு நீங்க நேரின், கணக்குகள் எவ்வடிவில் மீளக் கையளிக்கப்படும் என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும்.

குறைந்த விலைமனு சிக்கனம் போலத் தோன்றும். ஆயின், பின்னர் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் தனி விலை உண்டு. ஏற்பாடு பிழைத்தால் அல்லலுறுவோர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவர் மட்டுமல்லர். சரக்கின்றி நிற்கும் சிறு கடைக்காரரும், இரவிரவாகக் கணக்கைத் திருத்தும் எழுதுவினைஞருமே. மென்பொருளைப் பிறரிடம் வாங்கலாம்; தன் தொழிலைத் தானே விளங்கிக்கொள்ளும் பொறுப்பை வாங்குதல் இயலாது.