புகைக்குழாயும் கறையில் உருக்கும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் பெரிதும் கவனிக்கப்படாதது புகைக்குழாய். அது வண்டியின் அடியில் மறைந்து கிடப்பது. ஓசை பெருகிய பின்னரே நினைக்கப்படுவது. ஆயினும், எஞ்சினுள் எரிந்த நச்சு வாயுவை வண்டியில் இருப்போரின் மூக்குக்கு எட்டாமற் கொண்டுபோய் வெளியே விடும் பொறுப்பு அதனையே சார்ந்தது. இக்குழாயை ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கறையில் உருக்கினால், அதாவது துருப்பிடியாத உருக்கினால், அளவெடுத்துச் செய்து பொருத்தும் முறையை ஈண்டு நோக்குவோம்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் காரைக் கொள்ளலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இக்காரில் நான்கு உருளைகளும் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய எஞ்சின் உண்டு. தொழிற்சாலையில் இதற்குப் பூட்டப்பட்ட குழாய் மென்னுருக்கினாலானது. மென்னுருக்கோ விரைவில் துருவேறுவது. அதற்கு வெளியேயும் பகை உண்டு. உள்ளேயும் பகை உண்டு. குளிர்காலத்திற் பனியை உருக்குவதற்காக அந்நாட்டு வீதிகளிற் தூவப்படும் உப்பு வெளிப்பகை. உட்பகை நீராகும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது என்பது பலருக்கு வியப்பூட்டலாம். நெடும்பயணத்தில் அந்நீர் ஆவியாய்ப் போய்விடும். குறும்பயணத்திலோ சைலன்சர் போதிய சூடு ஏறுமுன்னரே எஞ்சின் நிறுத்தப்படுகின்றது. ஆவி குளிர்ந்து நீராகி, அமிலத்தோடு கலந்து, உள்ளே தங்கி உருக்கை அரிக்கின்றது.

இதற்கு மாற்றாக அமைந்ததே கறையில் உருக்கு. 1913ஆம் ஆண்டிற் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியேளி என்பார், துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தைக் குறைக்க வழிதேடியபோது, ஏறக்குறைய நூற்றுக்கு 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கை வார்த்தார். அது துருவை எதிர்த்து நின்றது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமொன்றை உருக்கின்மேல் உண்டாக்குகின்றது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் வளர்கின்றது. புகைக்குழாய்க்கு இருவகைக் கறையில் உருக்குக்கள் பெரிதும் பயன்படுகின்றன. 304 என்னும் வகையில் ஏறக்குறைய 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. மலிவான 409 என்னும் வகையில் 11 பங்களவு குரோமியமே உண்டு. அதன் மேற்பரப்புக் காலப்போக்கிற் பழுப்பேறும். காந்தம் 409ஐ நன்கு கவரும். 304ஐ அவ்வாறு கவராது.

பொருள் சிறந்ததாயினும் வேலை சிறவாவிடிற் பயன் இல்லை. குழாயை வளைக்கும்போது உள்ளே தாங்கு கோல் இட்டு வளைத்தல் வேண்டும். இன்றேல் வளைவு நசுங்கி வாயுவின் வழி குறுகும். கறையில் உருக்கு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. மென்னுருக்குக் கடத்துவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கையே கடத்தும். ஆதலால் ஒட்டுவேலை செய்யுமிடத்திற் சூடு தேங்கிக் குழாய் கோணலாகும். நல்ல தொழிலாளர் ஆகன் வாயுவை வெளியே மட்டுமன்றிக் குழாயின் உள்ளும் செலுத்தியே ஒட்டுவர். அவ்வாறு செய்யாவிடின் ஒட்டின் உட்புறம் கருகிச் சொரசொரப்பாகி, துருவெதிர்க்கும் ஆற்றலை இழக்கும்.

இன்னுமொன்று உண்டு. சூடேறும்போது இவ்வுருக்கு அதிகம் நீளும். இரண்டு மீற்றர் நீளமான குழாயின் வெப்பநிலை 300 பாகை உயருமாயின், மென்னுருக்கு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நீளும்; 304 வகையோ 10 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். அத்துடன், றப்பர்த் தாங்கிகளில் இருக்கும் எஞ்சினும் ஓடும்போது அசையும். ஆகவே குழாயை இரும்புப் பட்டியால் இறுகக் கட்டுதல் பிழை. றப்பரினாலே தொங்கவிட்டு, அது நீளவும் அசையவும் இடமளித்தல் வேண்டும். இணைப்புக்கள் யாவற்றையும் முதலிற் தளர்வாகப் பூட்டி, குழாய் உடற்றகட்டிலும் அச்சிலும் முட்டாதிருப்பதை உறுதிசெய்து, அதன் பின்னரே எஞ்சின் பக்கத்திலிருந்து முறையே இறுக்குவர். வண்டியை ஜக்கின்மேல் மட்டும் நிறுத்தி அதன் அடியிற் புகுவது உயிராபத்து. உறுதியான தாங்குகால்கள் இன்றியமையாதன.

பூட்டி முடிந்தபின், திறந்தவெளியில் எஞ்சினை இயக்கி, அது சூடேறுமுன் குழாயின் பின்வாயைத் தடித்த துணியாற் சிறிது பொழுது அடைத்துப் பார்த்தல் நன்று. எங்கேனும் சீறும் ஓசை கேட்குமாயின் அங்கே கசிவு உண்டு. கசிவைச் சிறிதென்று தள்ளலாகாது. பழைய கார்களின் புகையிற் காபனோரொட்சைட்டு மிகுதி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிற் சேர்ந்து ஒட்சிசனுக்கு இடமில்லாது செய்துவிடும். திறந்த காரில் அவ்வபாயம் இல்லை என எண்ணுதலும் தவறு. வண்டி ஓடும்போது பின்புறத்திற் காற்றழுத்தம் குறைந்து, புகை இருக்கைப் பக்கம் திரும்பி இழுக்கப்படுவதுண்டு. ஆதலாற் குழாயின் வாய் உடற்றகட்டைக் கடந்து சற்று நீண்டிருத்தல் வேண்டும்.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். பலர் இக்குழாயை நாடுவது அதன் முழக்கத்துக்காகவே. ஆனால் 1986ஆம் ஆண்டுப் பிரித்தானிய விதிகளின்படி, புகைபோக்கும் ஓசை அதிகரிக்குமாறு குழாயையோ சைலன்சரையோ மாற்றுதல் குற்றமாகும். அகன்ற குழாய் அதிக வலுவைத் தரும் என்பதும் எப்போதும் மெய்யன்று.

2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு அந்நாட்டில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எம்.ஜி.பி. கார்கள் யாவும் இன்று அவ்வயதைக் கடந்தவை. ஆகவே வண்டியின் அடியிற் குனிந்து பார்க்கும் கடமை இப்போது உரிமையாளரையே சேர்ந்தது. உருக்குத் துருப்பிடியாதிருக்கலாம், இணைப்புத் தளரும், றப்பர் வெடிக்கும், ஒட்டுப் பிளக்கும். மறையாத பளபளப்பைக் கண்டு சோதிக்க மறப்பவருக்கு, துருப்பிடித்த பழைய குழாயிலும் இப்புதிய குழாயே அபாயமாக முடியும்.