ஆச்சிக்கும் அலைக்கும் நடுவுல எத்தனை படி? வீல்சேர்ல ஒரு மெரினா ட்ரிப்!

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சா சிவகிரியில வேன் பேசிடுவாங்க. எண்ணெய் பாட்டில், துண்டு, புளியோதரைத் தூக்குன்னு எல்லாமே ஏறும். வீட்டுல ஒருத்தர் மட்டும் ஏற மாட்டாங்க. பக்கவாதம் வந்த ஆச்சியா இருக்கலாம், பைக் விபத்துக்கு அப்புறம் நடக்க முடியாமப்போன அண்ணனா இருக்கலாம். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்"னு சொல்வாங்க. நாமளும் அவங்களுக்கு ஆசையே இல்லைன்னு நம்பிட்டு, வேன்ல பாட்டுப் போட்டுட்டுக் கிளம்பிடுவோம்.

ஈரப் பாறை, படிக்கட்டு, சீஸன் கூட்டம்... அருவிக்கரை வீல்சேருக்குக் கஷ்டம்தான், மறுக்கல. ஆனா, கடல்? சென்னை மெரினாவுல மணல் மேலேயே வீல்சேர் போறதுக்கு ஒரு மரப்பாதை இருக்கு. நம்ம பக்கம் பலருக்கு இது இன்னும் தெரியாது.

முதல்ல, மணல்ல வீல்சேர் ஏன் சிக்குது? ஆளோட எடையில ஒரு பங்கு முன்னாடி இருக்குற ரெண்டு குட்டிச் சக்கரத்து மேல விழுது. அது மெல்லிசு. மொத்த அழுத்தமும் ரெண்டு விரல் அகலத்துல இறங்கினா மணல் தாங்குமா? கத்தி மாதிரி வெட்டிக்கிட்டு உள்ள போயிடும். பின்னாடி இருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமா இறங்கும். சில வெளிநாட்டுக் கடற்கரைகள்ல இதுக்காகவே பலூன் மாதிரி உப்பின டயர் வச்ச வீல்சேர் தர்றாங்க. கிரீஸ்ல ஒரு படி மேல போய், சூரிய சக்தியில ஓடுற 'சீட்ராக்'னு ஒரு நாற்காலியைத் தண்டவாளத்துல கடலுக்குள்ளேயே இறக்குறாங்க. ஏறி உக்காந்தா நேரா தண்ணிதான்.

நம்ம மெரினாவுல பல வருஷமா நடந்தது வேற. டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டித் தற்காலிகமா ஒரு பாதை போடுவாங்க. சில நாள்ல பிரிச்சிடுவாங்க. வருஷத்துல மிச்ச நாளெல்லாம் கடல் ரோட்டுல இருந்து பாக்குற காட்சி மட்டும்தான். மாற்றுத்திறனாளிகள் விடாமக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2022 நவம்பர் 27-ம் தேதி நிரந்தரப் பாதை திறந்தாங்க. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். ரெண்டு வீல்சேர் எதிரெதிரே வந்தாலும் தாராளமா போகலாம்.

திறந்து ரெண்டு வாரம்கூட ஆகல, டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்துச்சு. பாதையோட கடல் பக்க முனையை அலை பெயர்த்துடுச்சு. அப்புறம் சரி பண்ணாங்க. ஆனா, ஒரு தடவை கட்டி முடிச்சிட்டுக் கைகழுவ இது ஒண்ணும் சிலை இல்ல. மணல் பறந்து வந்து பலகையை மூடும், உப்புக்காத்து ஆணியைத் தின்னும். அதனால போறதுக்கு முந்தின நாள், பாதை திறந்திருக்கான்னு சென்னையில இருக்குற ஃப்ரெண்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்லயும் இதே மாதிரி பாதை இருக்கு.

நிஜமான சிக்கல் பீச்சுல இல்ல!

சிவகிரியில இருந்து மெரினா வரைக்கும் இருக்குற சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தாலும் ட்ரிப் காலி. முதல் கண்ணி ரயில். ராஜபாளையமோ சங்கரன்கோவிலோ போய் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறலாம். சாதாரண ஸ்லீப்பர் பெட்டியோட வாசல்லயும் நடைபாதையிலயும் வீல்சேர் நுழையாது. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு அகலமான கதவு, பெரிய டாய்லெட்டோட இருக்குற பெட்டி பெரும்பாலும் ரயிலோட கடைசிப் பக்கம் வரும். பிளாட்பாரத்துல அது எங்க நிக்கும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. துணை இல்லாம பயணம் செய்ய முடியாதவங்களுக்கு ஸ்லீப்பர்ல 75 சதவிகிதம் கட்டணச் சலுகை, கூட வர்ற ஒருத்தருக்கும் அதே சலுகை. இதை வச்சு ஆன்லைன்ல புக் பண்ண ரயில்வே அடையாள அட்டை வேணும். லீவு போட்ட பிறகு விண்ணப்பிச்சா வேலைக்கு ஆகாது.

அடுத்தது லாட்ஜ். என்னைக் கேட்டா, பாதி ட்ரிப் உடையுறது இங்கதான். போன்ல "லிஃப்ட் இருக்கா?"ன்னு கேட்டா "இருக்கு சார்"னு உண்மையைத்தான் சொல்வாங்க. லிஃப்டுக்கு முன்னாடி மூணு படி இருக்குறதைச் சொல்ல மாட்டாங்க. படி ஒவ்வொண்ணும் 6 இன்ச்னா மொத்தம் 18 இன்ச். ஓர் அடி ஏற 12 அடி நீளம்ங்கிறதுதான் சாய்தளத்துக்கான கணக்கு. அப்போ அந்த மூணு படிக்கு 18 அடிச் சாய்தளம் வேணும். ரெண்டு பலகையைப் போட்டுட்டு 'ராம்ப்'னு சொன்னா, அது சறுக்கு மரம்.

பாத்ரூம் கதவையும் விடாதீங்க. வீல்சேர் சாதாரணமா 24-ல இருந்து 27 இன்ச் அகலம் இருக்கும். கதவு 900 மில்லிமீட்டர், அதாவது சுமார் 35 இன்ச் இருக்கணும்னு வழிகாட்டு விதி சொல்லுது. பழைய லாட்ஜ்கள்ல அவ்ளோ எதிர்பார்க்காதீங்க. உங்க வீல்சேரை முதல்ல அளந்துட்டு, கதவுல இன்ச் டேப்பைப் பிடிச்சு ஒரு போட்டோ வாட்ஸ்அப் பண்ணச் சொல்லுங்க. கேக்கக் கூச்சமா இருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆச்சியைத் தூக்கிட்டு நிக்கிற காட்சியை நினைச்சுக்கங்க. கூச்சம் போயிடும்.

ஊருக்குள்ள சுத்த மெட்ரோ நல்ல சாய்ஸ், ஸ்டேஷன்கள்ல லிஃப்ட் இருக்கு. மெரினாவுக்குப் பக்கமா இறங்கணும்னா அரசினர் தோட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ. மாநகரப் பேருந்துல 2024 ஆகஸ்ட்ல இருந்து தாழ்தளப் பஸ்களும் ஓடுது. ஸ்டாப்ல பஸ்ஸே ஒரு பக்கம் சாஞ்சு இறங்கும், வாசல்ல பலகை விரியும். நீதிமன்றம் வரை போய் வாங்கின வசதி அது. ஆனா, எல்லா ரூட்லயும் கிடையாது.

பீச்சுக்கு விடியற்காலையில போயிடுங்க. வெயில் இல்ல, கூட்டம் இல்ல, சூரியன் கடல்ல இருந்து ஏறுறதையும் பாக்கலாம். பாதை முனையில இருந்து அலை வரைக்கும் மணல் மிச்சம் இருக்கும். அங்கதான் நம்ம பசங்க ஒரு தப்பு பண்ணுவாங்க. கேக்காமலே நாலு பேர் சேந்து சேரோட 'ஹேய்'னு தூக்கிடுவாங்க. அவங்க உடம்பு அது. தண்ணிகிட்ட போகணுமா, முனையிலேயே உக்காந்து பாத்தா போதுமான்னு முதல்ல கேளுங்க. போகணும்னு சொன்னா, சேரைப் பின்பக்கமா சாய்ச்சு, முன்சக்கரம் மணல்ல படாம, பெரிய சக்கரத்துல பின்னோக்கி இழுத்துட்டுப் போங்க. தூக்கியே ஆகணும்னா கைப்பிடியைப் பிடிக்காதீங்க, சில மாடல்ல அது கழண்டு வந்துடும். இரும்புச் சட்டத்தைப் பிடிங்க.

ரூமுக்குத் திரும்பினதும் சக்கரத்தை நல்ல தண்ணியில கழுவி, துணியால துடைச்சு, முன்சக்கர அச்சுல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. உப்பும் மணலும் உள்ள தங்கினா, ராத்திரி ரயிலுக்குப் போறதுக்குள்ள சேர் கீச் கீச்னு கத்தும்.