சந்தா கட்டியாச்சு, கதவு ஏன் திறக்கலை?

லேசர் கட்டர், 3டி பிரின்டர், லேத் இதையெல்லாம் தனி ஆளாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்து சந்தா கட்டி, ஒரே இடத்தில் பயன்படுத்துவதுதான் பொதுப் பட்டறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த 'ஃபேப் லேப்' முறை, 2002-லேயே மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்தில் உள்ள விக்யான் ஆசிரமத்துக்கு வந்துவிட்டது.

இப்படி ஒரு பட்டறையில் சேர்ந்தால் உங்கள் விவரம் எத்தனை இடத்தில் இருக்கும் தெரியுமா? உறுப்பினர் பதிவேடு, சந்தா வரும் கணக்கு, கார்டைக் காட்டினால் கதவைத் திறக்கும் கருவி, எந்த மெஷினுக்கு யார் பயிற்சி முடித்தார் என்ற பட்டியல், கூடவே வாட்ஸ்அப் குழு. இவை ஒன்றோடொன்று பேசாது. யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் பார்த்துப் பார்த்து ஏற்றுவார். அவர் நாலு நாள் ஊருக்குப் போனால், பணம் கட்டியவர் வாசலில் நிற்பார். அதுகூடப் பரவாயில்லை. ஆறு மாதம் முன்பு விலகியவரின் கார்டுக்கும் கதவு திறக்கும், பயிற்சி இல்லாதவர் லேசரை ஆன் செய்வார் என்பதுதான் பயம்.

இதைத் தானியங்கியாக மாற்ற, முதலில் உறுப்பினர் பதிவேடே மூலம் என்று முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதன் நகல். சந்தா வந்ததும் பணம் வாங்கும் சேவை, காலிங் பெல் அடிப்பதுபோல, பதிவேட்டுக்குத் தகவல் அனுப்பும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர். நெட் இல்லாமல் அந்தத் தகவல் தவறிப்போகலாம். அதனால் தினமும் இரவில் எல்லாப் பட்டியலையும் ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலையும் வேண்டும்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? பெயரை நம்ப முடியாது. நம்ம ஊரில் இனிஷியல் ஒரு படிவத்தில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். லட்சுமியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். செல்போன் எண்? துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தரப்படாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதற்குப் பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம், கூடவே உங்கள் ஓடிபியும். ஆகவே சேரும்போதே ஓர் உறுப்பினர் எண் தந்து, அதை மாற்றாமல் வைப்பதே நல்லது.

சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் கவனம் தேவை. ஒருநாள் சந்தாப் பட்டியல் தவறுதலாகக் காலியாக வந்தால், மென்பொருள் 'எல்லாரும் விலகிட்டாங்க' என்று நினைத்து மொத்தப் பேரின் கார்டையும் முடக்கிவிடும். ஒரே இரவில் வழக்கத்துக்கு மாறாக நிறைய பேரை நீக்கும் நிலை வந்தால், வேலையை நிறுத்திவிட்டு மனிதரைக் கேட்கும்படி அமைக்க வேண்டும். சந்தா தாமதமானால் சில நாள் அவகாசமும் கொடுக்கலாம்.

போன் எண் மாறினால் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீங்க, பதிவேட்டில் மாற்றச் சொல்லுங்க. விலகும்போது எல்லா இடத்திலும் நீக்கியாச்சா என்று கேளுங்க. தனிநபர் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. அடையாளச் சான்று கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கிக் கொடுக்கலாம்.