அஞ்சலைப் பிரிக்கும் சல்லடை

பீளமேட்டிற்கு ஒரு கடிதம் வந்து சேர வேண்டுமாயின், உறையின் மேல் 641004 என்று எழுதுகிறோம். முதல் இலக்கமான 6 தமிழகம், கேரளம் அடங்கிய தென்பகுதியைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கோவைப் பகுதியையும், இறுதி மூன்றும் பீளமேடு அஞ்சலகத்தையும் காட்டும். ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் வகுத்த இந்தப் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயருடைய ஊர்களும், பல மொழிகளும் மலிந்த நம் நாட்டில், எண்ணைக் கண்ட மாத்திரத்தில் கடிதத்தை உரிய பையில் இட அது வழி செய்தது.

மின்னஞ்சலுக்கும் இத்தகைய பிரிப்பு இன்றியமையாதது. வளைகுடாவில் உழைக்கும் மகனின் மடல், கல்லூரிக் கட்டண அறிவிப்பு, வங்கிக் கணக்கு விவரம், பம்ப்செட் உதிரிபாகங்களுக்கான ஆர்டர் ஆகிய யாவும் விளம்பரக் குவியலுக்குள் புதைந்து கிடக்கின்றன. உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கண்ணில் படாது போனால், ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பே தடைப்படக் கூடும் அல்லவா?

தொல்லை புதியதன்று

1978 மே 3 அன்று, அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில், கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத அஞ்சலின் தொடக்கமாக அதனையே கூறுவர். இதற்குப் பரிகாரமாக அஞ்சலைத் தானே பிரிக்கும் விதிகள் பிறந்தன. 1990இல் 'ப்ராக்மெயில்' என்ற மென்பொருள் வந்தது. 2001இல் இவ்விதிகளை எழுதுவதற்கென்றே ஒரு பொது மொழி வெளியிடப்பட்டது. அதன் பெயர் 'சீவ்', பொருள், சல்லடை!

விதி அமைக்கும் முறை

ஒவ்வொரு விதிக்கும் இரு பகுதிகள் உண்டு: நிபந்தனை, செயல். 'இன்ன முகவரியிலிருந்து வந்தால்' என்பது நிபந்தனை. 'இன்ன பெயரிட்ட பகுதியில் வை' என்பது செயல். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, தேடும் கட்டத்தின் ஓரத்திலுள்ள குறியை அழுத்தினால், அனுப்புநர், தலைப்பு, சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பிடும் படிவம் விரியும். அதை நிரப்பி 'ஃபில்டர்' உருவாக்கலாம். தமிழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மின்னஞ்சலிலும் இவ்வசதி உண்டு. நிபந்தனைகள் 'அனைத்தும்' பொருந்த வேண்டுமா, 'ஏதேனும் ஒன்று' போதுமா என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் மூன்று விதிகள் போதும். குடும்பத்தார் மடல்களுக்கு நட்சத்திரக் குறி. வங்கி, கல்லூரி அஞ்சல்களுக்குத் தனித்தனிப் பெயர். கடை விளம்பரங்களுக்கு இன்பாக்ஸுக்கு வெளியே ஓரிடம்.

எச்சரிக்கை தேவை

'அழித்துவிடு' என்னும் செயலை எளிதில் பயன்படுத்தாதீர்கள். ஜிமெயிலின் குப்பைப் பெட்டியில் 30 நாட்கள் கடந்தவை நிரந்தரமாக மறைந்துவிடும். 'கட்டணம்' போன்ற பொதுச் சொல்லை நிபந்தனையாக வைத்தால், விளம்பரத்தோடு கல்லூரியின் கடிதமும் ஒதுங்கிவிடும். ஆதலால் சொல்லை விட முகவரியை நம்புவதே நலம்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கடவுச்சொல்லைத் திருடுவோர், உரிமையாளர் அறியாமல் தாங்களே விதி அமைத்து, வாடிக்கையாளர் அஞ்சல்களை மறைத்து விடுகின்றனர். பிறகு, வேறு வங்கிக் கணக்கு எண்ணுடன் போலி பில் அனுப்பிப் பணத்தைச் சுருட்டுகின்றனர். வெளியூர், வெளிநாட்டு ஆர்டர்களை நம்பி வாழும் நம் பகுதிப் பட்டறைக்காரர்கள் இதனை அவசியம் உணர வேண்டும்.

மாதம் ஒருமுறை விதிகளின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அமைக்காத விதி தென்பட்டால், உடனே அதை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கு எண் மாறியதாக அஞ்சல் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

பிள்ளைகளுக்கு இவ்வேலை எளிது. அவர்களைக் கொண்டே பெற்றோரின் அஞ்சல் பெட்டியை இவ்வாரமே சீர்படுத்தலாம். என்ன விதிகள் இருக்கின்றன என்பதை மட்டும் பெற்றோரும் கேட்டறிந்து கொள்ளட்டும்.